மாப்பிள்ளைக் கார்

திருகோணமலைப் பக்கத்துக் கிண்ணியாவில் அறுபத்து மூன்று வீடுகளின் சுவரில் சரீப்பின் கார் தொங்கிக்கொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தவர் அவரேதான். அந்த நாளில் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்ணைப் படம் பிடிக்க மாட்டார்கள். மாப்பிள்ளை பெண்வீட்டு வாசலுக்கு வந்து, காரின் கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் ஊன்றுவார். அந்த நேரம் பார்த்து ஒரு படம். அதைக் கண்ணாடி போட்டு ஹோலில் மாட்டிவிடுவார்கள். மாப்பிள்ளைமாருக்குப் பிறகு தொந்தி விழும், முடி கொட்டும். படத்தில் நிற்கும் சரீப்பின் ஒஸ்டின் ஏ-ஃபோட்டி மட்டும் அதே பளபளப்போடு நிற்கும்.

யார் வீட்டுக்குப் போனாலும் சரீப் கதிரையில் உட்காருமுன் சுவரைத்தான் பார்ப்பார். மாப்பிள்ளையின் முகம் எப்படி விழுந்திருக்கிறது என்பது அவருக்குத் தேவையில்லாத விஷயம். முன் விளக்கில் வெளிச்சம் பட்டிருக்கிறதா, பம்பரில் சேறு தெரிகிறதா என்று பார்ப்பார். "கார் நல்லா விழுந்திருக்கு" என்பார். வீட்டுக்காரர்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தேத்தண்ணி கொடுப்பார்கள்.

அவருடைய சொந்த ஹோலில் ஓர் ஆணி மட்டும் இருந்தது. மகள் சித்தி பரீதா பெரிய பிள்ளையான வருஷமே அதை அடித்துவிட்டார். மனைவி ஸல்ஹா ஒருநாள் தெரியாத்தனமாக அதில் கலண்டரை மாட்டப்போய் நல்ல பேச்சு வாங்கினாள். பரீதாவின் மாப்பிள்ளை ஏ-ஃபோட்டியிலிருந்து இறங்குகிற படம்தான் அந்த ஆணிக்கு. வேறு எதற்கும் அதில் இடம் கிடையாது. ஊருக்கெல்லாம் மாப்பிள்ளை கொண்டுவந்த மனிதர் தன் மகளுக்கும் தன் கையாலேயே கொண்டுவர வேண்டும். சரீப் தன் வாழ்நாளில் ஆசைப்பட்டது இது ஒன்றுக்குத்தான் என்று சொன்னால் பொய்யாகாது.

இனி ஜவாஹிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வருஷமாகச் சரீப்பின் வயிற்றில் எரிந்துகொண்டிருந்த நெருப்புக்கு ஜவாஹிர் என்றுதான் பெயர். இருவருக்கும் ஒரே வயது, ஒரே தெரு. ஊரார் ஜவாஹிரை மரியாதையாகத்தான் அழைப்பார்கள். இந்தக் கதை சரீப்பின் பக்கத்தில் நின்று சொல்லப்படுவதால் இங்கே அவன் என்றுதான் வரும்; பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளைக்காரனின் கடற்படை திருகோணமலையில் இருந்த காலத்தில் இருவரும் துறைமுகத்தில் ஒரே லொறி ஓட்டினார்கள். ஒருநாள் இவர் ஓட்டினால் அவன் பக்கத்து இருக்கையில். மறுநாள் அவன் ஓட்டினால் இவர் பக்கத்து இருக்கையில். ஒருமுறை இறங்குதுறையில் லொறியை நிறுத்திச் சரீப் ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். இழுத்தது இழுத்ததுதான். உப்புக் காற்றில் கேபிள் துருவேறி உள்ளேயே இறுகிப் பிடித்துக்கொண்டது. பின் சக்கரங்கள் அசைய மாட்டேன் என்றன. ஏற்றியிருந்த மீன் பகல் முழுக்க வெயிலில் கிடந்து நாறியது. லொறிக்கு அடியில் மல்லாந்து கிடந்து கேபிளை அறுத்து எடுத்தபிறகு இருவரும் தங்களுக்குள் ஒரு சட்டம் போட்டார்கள். கடற்கரையில் ஹேண்ட் பிரேக் இழுப்பதில்லை. வண்டியைக் கியரில் போட்டு நிறுத்துவது, பக்கத்தில் இருப்பவன் குதித்திறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது. அதற்காக ஒரு முதிரைக் கட்டையை ஆப்பு மாதிரிச் சரிவாகச் செதுக்கி வைத்துக்கொண்டார்கள். கரையோரத்துச் சாரதிகள் பலருக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. சரீப் மட்டும் அது தன் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்வார்.

பொறாமை அந்த லொறியிலேயே தொடங்கிவிட்டது. பார வாகன லைசன்ஸுக்கு இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள். ஜவாஹிர் முதல் தடவையே எடுத்தான். சரீப் மூன்றாம் தடவை. மேலதிகாரியாக இருந்த வெள்ளைக்காரன் ஜவாஹிரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான், சரீப்பை 'மற்றவன்' என்பான். இதெல்லாம் ஒரு விஷயமா என்று நாம் கேட்கலாம். சரீப் நாற்பத்தெட்டு வயதிலும் அந்தச் சொல்லை நினைத்து இரவில் புரண்டு படுத்தார்.

ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் கப்பலேறினான். இருவருக்கும் வேலை போயிற்று. சீமைக்குத் திரும்புகிற ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து சரீப் ஏ-ஃபோட்டியை வாங்கிக்கொண்டார். ஜவாஹிர் ஊரார் லொறிகளில் நெல்லும் கருவாடும் ஏற்றித் திரிந்தான். அடுத்த பதினைந்து வருஷம் சரீப் அவனை மனமார நேசித்தார். வியர்த்து விறுவிறுத்து வருகிறவனைக் கண்டால் காரை நிறுத்தி, "ஏறு மச்சான்" என்பார். அந்த வார்த்தையைச் சொல்வதில் அவருக்கு அப்படி ஒரு சுகம்.

எழுபத்து மூன்றில் ஜவாஹிர் குவைத்துக்குப் போனான். அங்கிருந்து படங்கள் வந்தன. ஒவ்வொரு படத்திலும் ஏதாவதொரு நீளக் காரில் சாய்ந்துகொண்டு நின்றான். எழுபத்தொன்பதில் திரும்பி வந்தான். அவனுக்குப் பின்னால் கப்பலில் ஒரு ஜப்பான் காரும் வந்தது. வெண்ணெய் நிறம். உள்ளே குளிர்க்காற்று, கஸெட். எல்லாவற்றுக்கும் மேலே, அதில் கிளச் கிடையாது.

"கியர் தானா மாறும் மச்சான்," என்று தெருவில் வைத்து எல்லாருக்கும் காட்டினான் ஜவாஹிர். "நிப்பாட்டினா இந்த லீவரை 'பார்க்'குக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். உள்ளுக்க பல்லுக் கொளுவிக்கொள்ளும். மலை மாதிரி நிக்கும்."

"கிளச் இல்லாத காரா? கால் ஏலாதவனுக்குச் செஞ்சதாக்கும்," என்றார் சரீப். யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் குளிர்க்காற்று வருகிற ஓட்டைக்கு முன்னால் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மாதமே பரீதாவுக்குக் கல்யாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை கலீலுர் றஹ்மான், திருகோணமலை ஜமாலியாப் பக்கம், பள்ளிக்கூடத்து வாத்தியார். சரீப் அன்றே ஏ-ஃபோட்டியின் பம்பரைக் கழற்றி மெருகேற்றக் கொடுத்தார். அது திரும்பி வந்த நாளில் ஸல்ஹா மெல்ல வந்து பக்கத்தில் நின்றாள்.

"இஞ்சாருங்க, ஒண்டு சொல்லுவன். கத்தக்கூடா."

"சொல்லு."

"மாப்பிள்ளைய ஜவாஹிர் காக்காட கார்ல கூட்டிவந்தா நல்லமாம்."

"ஆரு சொன்னது?"

ஸல்ஹா குசினிப் பக்கம் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பரீதாவின் பாவாடைக் கரை தெரிந்தது.

"புள்ளைதான். அவட கூட்டாளிமார் எல்லாருக்கும் நம்மட கார்தானே வந்தது. தனக்கெண்டாலும் வேற ஒண்டு வரட்டுமாம்."

சரீப் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஸல்ஹாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய், ஏற்கனவே கழுவியிருந்த காரை இன்னொரு தடவை கழுவினார். அறுபத்து மூன்று வீட்டுக்கு நல்லதாக இருந்த கார், அந்தக் காரணத்தாலேயே சொந்த மகளுக்கு ஆகாமல் போயிற்று. இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஜவாஹிரின் மேல் அவருக்கு அன்று வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. லைசன்ஸைக் கொண்டுபோனாய், பெயரைக் கொண்டுபோனாய், என் வீட்டு ஆணியையுமா கொண்டுபோக வேண்டும்? வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. மகள் வாய் திறந்து கேட்ட ஒரே ஒரு விஷயம் அது.

கல்யாணத்தன்று காலையில் ஜவாஹிர் வெள்ளைச் சட்டையும் வாசனையுமாக வந்தான். "மச்சான், நீ எனக்குப் பக்கத்துல ஏறு. பழைய மாதிரிப் போவம்," என்றான்.

பழைய மாதிரி! முதலாளி காரோட்ட, இவர் லொறிக் கிளீனர் போலப் பக்கத்தில் குந்தியிருக்க வேண்டுமாம். சரீப்பின் காது சிவந்தது.

"எனக்கு என்ட கார் இரிக்கி," என்றார்.

ஜவாஹிர் திறந்து பிடித்திருந்த முன் கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

ஆகவே இரண்டு கார்கள் மாப்பிள்ளை எடுக்கப் போயின. திரும்பும்போது முன்னால் ஜப்பான் கார். அதன் பின் இருக்கையில் மாப்பிள்ளையும், அவருடைய வாப்பா ஆதம்பாவாவும், வாப்பாவின் தம்பியான, கார் ஓட்டத் தெரிந்த சாச்சாவும். ஜவாஹிருக்குப் பக்கத்து இருக்கை வெறுமையாக வந்தது. பின்னால் ஏ-ஃபோட்டி, அதில் சரீப்பும் படம் பிடிக்கிற கதிரவேலும். கதிரவேல் டவுனில் சின்ன ஸ்டூடியோ வைத்திருப்பவர். அறுபத்து மூன்றில் பாதிப் படங்கள் அவர் பிடித்தவை.

"என்ன நானா, இண்டைக்கு உங்கட கார் பின்னுக்கு வருது?" என்று கேட்டார் கதிரவேல். கேட்டபிறகு சரீப்பின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கமராவைத் துடைக்கத் தொடங்கினார்.

கிண்ணியாவுக்குள் கார் வர வேண்டுமென்றால் பாதையில் ஏற்றித்தான் வர வேண்டும். பாதை என்றால் பலகை அடித்த பெரிய மிதவை. இரண்டு கார், கொஞ்சம் சைக்கிள், ஆட்கள் என்று ஏற்றிக்கொண்டு களப்பு வாயைக் கடக்கும். அக்கரையில் அதன் இரும்பு நாக்கு இறங்கிக் கொங்கிரீட் சரிவில் பொருந்தும். சரிவில் ஏறித்தான் ரோட்டைப் பிடிக்க வேண்டும். பின்னேரத்து அஸர்த் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். பாதை கரை தட்டியபோது அஸருக்குப் பாங்கு சொல்லிக் கேட்டது. நேரம் சரியாகத்தான் இருந்தது.

ஜப்பான் கார் சத்தமில்லாமல் முன்னே ஏறியது. சரிவின் நடுவில் பெண்வீட்டு ஆட்கள் பன்னீர்ச் செம்போடு வழியை மறித்து நின்றார்கள். மாப்பிள்ளைக்குப் பன்னீர் தெளிக்காமல் விடுவார்களா? ஜவாஹிர் காரை நிறுத்தினான். லீவரைத் தள்ளினான். கதவைத் திறந்துகொண்டு இறங்கி, பெருமையாக இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்: பார், பிடிக்க ஆளில்லாமல் நிற்கிறது.

பின்னால் இருந்து சரீப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்தக் காரை அவர் பார்த்ததுபோல அதைச் செய்தவன்கூடப் பார்த்திருக்க மாட்டான். பொறாமைப்படுகிறவனுக்கு எதுவும் தப்பாது. ஜவாஹிர் பிரேக்கிலிருந்து காலை எடுத்தபோது கார் அரைச் சாண் பின்னால் வழுக்கி, 'டக்' என்று எதிலோ தொங்கி நின்றதை அவர் மட்டும் கண்டார். மற்றவர்கள் பன்னீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பன்னீர் முடிந்தது. ஜவாஹிர் ஏறினான், ஸ்டார்ட் செய்தான், லீவரை இழுத்தான். லீவர் வரவில்லை. நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் செய்து இழுத்தான். இரண்டு கையாலும் இழுத்தான். கொங்கிரீட்டில் ஊன்றிய தூண் மாதிரி அது அசையவில்லை.

சரீப்புக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. ஏ-ஃபோட்டியை ஏற்றத்தில் கியரில் போட்டு நிறுத்தினால், எஞ்சினை அணைத்தபிறகு யாராவது கியரைக் கழற்ற முயன்று பார்க்கட்டும். கிளச் மிதிக்காமல் வராது. காரின் பாரம் முழுக்கப் பல்லில் தொங்கும். இங்கே மிதிக்கக் கிளச்சும் இல்லை. அப்படியென்றால் பாரத்தை எடுக்க ஒரே வழி, காரை மேலே கொஞ்சம் தள்ளுவது. ஒரு கையகலம் தள்ளினால் போதும்.

விளங்கியவர் இறங்கிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சரீப் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டார்.

நெஞ்சுக்குள் பன்னீர் தெளித்தது போலக் குளிர்ந்தது. முன்னால் சனம் கூடியது. ஒருவர் சுத்தியலால் லீவரைத் தட்டலாம் என்றார். இன்னொருவர் கியர்ப்பெட்டி நொறுங்கிவிட்டது என்றார். நாலைந்து பேர் தோள் கொடுத்துத் தள்ளப்போனார்கள்; பாசி பிடித்த சரிவில் கல்யாணச் செருப்புகள் வழுக்கி, ஒருவர் முழங்காலில் விழுந்தார். அதற்குள் ஜவாஹிர் வெளியே பாய்ந்து, "தள்ள வேணாம்! பல்லு உடைஞ்சிடும்!" என்று கத்தினான். அவன் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இதைப் பார்க்க இத்தனை வருஷம் ஆயிற்றே என்று சரீப் புகையை விட்டார்.

"நானா, உங்களுக்கு ஏதும் விளங்குதோ?" என்றார் கதிரவேல்.

"எனக்கென்ன தெரியும்? அது குவைத் பாத்த கார்."

ஆதம்பாவா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். "சம்மந்தி, இது சரிப்படாது. மாப்பிள்ளைய உங்கட கார்ல ஏத்துவமா?"

சரீப் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார். ஆணி, படம், எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. ஆனால் ஏற்றினாலும் எங்கே போவது? ஜப்பான் கார் சரிவை அடைத்துக்கொண்டு நின்றது. அது நகராமல் ஏ-ஃபோட்டி பாதையை விட்டு இறங்க முடியாது. அது நகர்ந்துவிட்டாலோ, மாப்பிள்ளை ஏன் இறங்கப்போகிறார்?

"அப்ப நடந்துதான் போவணும்," என்றார் ஆதம்பாவா. "நிக்காஹ் ஓதுற லெப்பை காத்துக்கொண்டிருப்பார்."

மேலே பார்த்தபோது மாப்பிள்ளை ஏற்கனவே இறங்கியிருந்தார். வாத்தியார்ப் பிள்ளை. தலைப்பாகையைக் கழற்றி இருக்கையில் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு காரைத் தள்ளத் தயாராகப் பின்பக்கம் வந்து நின்றார். வெள்ளைச் சட்டையில் இப்போதே ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. பரீதாவின் மாப்பிள்ளை கிறீஸ் பூசிக்கொண்டு ஒரு மைல் நடந்து வந்தார் என்று நாளைக்கு ஊர் சொல்லும். ஜவாஹிரின் கார் என்று யாரும் சொல்லப்போவதில்லை. சரீப்பின் மகள் கல்யாணம் என்றுதான் சொல்வார்கள்.

சரீப் சிகரெட்டைத் தண்ணீரில் எறிந்துவிட்டு இறங்கினார். நல்ல மனதோடு இறங்கினார் என்று நினைத்துவிடக்கூடாது. உதவுவதற்கு முன்னால் ஜவாஹிரைச் சனத்துக்கு முன் ஒரு கேள்வி கேட்பதென்று வைத்திருந்தார்.

"கார் வாங்கத் தெரிஞ்சவனுக்கு ஹேண்ட் பிரேக் இழுக்கத் தெரியாதா?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டார். "இழுத்துப்போட்டுப் பார்க்கில போட்டிருந்தா இது இப்பிடித் தொங்கி நிக்காதே. ஏன் இழுக்கல்ல?"

ஜவாஹிர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை, ஒருவித ஆச்சரியம்தான் இருந்தது.

"கரையில இழுக்கிறல்லையே மச்சான்," என்றான். "நீ போட்ட சட்டம்தானே."

சரீப் சனத்தைப் பார்த்து உயர்த்தியிருந்த கையைக் கீழே இறக்கினார்.

"குவைத்தில இழுத்தனான்," என்றான் ஜவாஹிர். "இஞ்ச வந்து கடல்காத்து மூக்கில பட்ட நாளையில இருந்து கை அதுக்குப் போகுதில்ல. கட்டை வெக்கத்தான் ஆளில்லாமப் போச்சு."

அவன் கண் முன் இருக்கைப் பக்கம் போயிற்று. சரீப்பும் பார்த்தார். வெறுமையான இருக்கைக்குக் கீழே, கால் வைக்கிற இடத்தில், ஒரு பழைய பேப்பரை விரித்து அதன்மேல் முதிரைக் கட்டை இருந்தது. லொறிக் கட்டை. விளிம்பில் துறைமுகத்து மஞ்சள் பெயின்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அது எங்கே கிடந்தது என்று சரீப் நினைத்துப் பார்த்ததுகூடக் கிடையாது.

பழைய மாதிரிப் போவம் என்று காலையில் இவன் சொன்னது இதைத்தானா? சரீப்புக்கு வெட்கமாக இருந்தது. அந்த இடத்திலேயே களப்பில் குதித்துவிடலாம் போல இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்க நேரம் இல்லை.

"மாப்பிள்ளை, நீங்க அங்கால நில்லுங்க. சட்டையில படும்," என்றார். பாதைக்காரர்களிடம் கேட்டு, மிதவையின் பக்கத்தில் கட்டியிருந்த பழைய டயர் ஒன்றை அவிழ்த்து ஜப்பான் காரின் பின் பம்பரில் கட்டினார். பிறகு ஜவாஹிரின் ஜன்னலடியில் போய் நின்றார்.

"நல்லாக் கேளு. பாரம் முழுக்க உள்ளுக்க இருக்கிற பல்லுலதான் தொங்குது. நான் பின்னால இருந்து கையகலம் ஏத்துறன். ஏறக்குள்ள பிரேக்க மிதி, லீவரை இழு. லேசா வரும். வந்திட்டெண்டு சந்தோசத்தில கால எடுத்துப்போடாத. எடுத்தா என்ட காரும் நானும் தண்ணிக்குள்ளதான்."

"பல்லு உடையாதா?"

"இழுத்து இழுத்து நீதான் உடைக்கப் பாக்கிறாய். தள்ளினா அதுக்குப் பாரம் குறையும்."

ஏ-ஃபோட்டி பாதையின் இரும்பு நாக்கில் ஏறியது. மெருகேற்றிய பம்பர் டயரில் முட்டியது. முதல் கியரில் சரீப் கிளச்சை மெல்ல மெல்ல விட்டார். சக்கரம் பாசியில் ஒருமுறை சுழன்று, பிறகு பிடித்தது. பழைய எஞ்சின் மூச்சிரைத்தது. கறுத்த டயர் நசுங்கியது. ஜப்பான் கார் மேலே ஒரு விரல், இரண்டு விரல், ஒரு கையகலம் நகர்ந்தது.

"இழு!"

"வந்திட்டு! மச்சான், வந்திட்டு!"

வெண்ணெயில் கத்தி போன மாதிரி வந்தது என்று ஜவாஹிர் பிறகு எல்லாரிடமும் சொன்னான். பிரேக்கிலிருந்து அவன் காலை எடுக்கவில்லை. சனம் கூச்சல் போட்டது. ஜப்பான் கார் சரிவேறிச் சமதரையில் போய் நின்றது. பின்னால் ஏ-ஃபோட்டியும் ஏறி வந்தது; அதன் பம்பரில் டயர் தேய்த்த கறுப்பு, கையால் துடைத்தால் போகாத கறுப்பு.

ஆதம்பாவா முன்னெச்சரிக்கையான மனிதர். "சம்மந்தி, இனி ரோடு விட்டாச்சு. மாப்பிள்ளை உங்கட கார்லயே வரட்டும். இந்தக் கார் இன்னொருக்கா நிண்டா என்ன செய்யிற?"

இத்தனை வருஷமாகக் கேட்ட வரம் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டியது. கதிரவேல்கூடச் சிரித்துக்கொண்டு கமராவை எடுத்தார். மாப்பிள்ளை ஏ-ஃபோட்டிப் பக்கம் இரண்டு அடி வைத்தும்விட்டார். ஜவாஹிர் தன் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், எப்போதோ ஊரார் லொறியோடு நின்ற மாதிரி.

சரீப் தன் சாவியை எடுத்து மாப்பிள்ளையின் சாச்சாவிடம் நீட்டினார். அந்தக் காரின் ஸ்டியரிங்கை வேறு யாரும் தொட்டதில்லை என்பது ஊருக்கே தெரியும். சாச்சா வாங்கத் தயங்கினார்.

"நீங்க ஓட்டிவாங்க. ரெண்டாம் கியர் கொஞ்சம் கடிக்கும்," என்றார் சரீப். "புள்ளை கேட்டது இந்தக் கார். மாப்பிள்ளை இதுலதான் வருவார். இனி நிக்காது. கட்டை வெக்க நான் போறன்."

முன் இருக்கையில் ஏறிக் கட்டையை மடியில் வைத்துக்கொண்டார். குளிர்க்காற்று முகத்தில் அடித்தது. அது நன்றாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள அவருக்குப் பள்ளிவாசல் வரைக்கும் நேரம் எடுத்தது.

"எனக்கு முதல்லயே விளங்கின மச்சான்," என்றார், பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில்.

"தெரியும்," என்றான் ஜவாஹிர். "கண்ணாடிக்குள்ளால உன்ட மூஞ்சிய நான் பாத்துக்கொண்டுதானே இருந்தனான். சிகரெட் முடியட்டும், வருவான் எண்டு இருந்தன்."



பெண்வீட்டு வாசல் களப்போரத்து மேட்டில் இருந்தது. கார் சரிவில்தான் நிற்க வேண்டும். கார் நிற்குமுன்பே சரீப் சாரத்தை மடித்துக்கொண்டு குதித்தார். நாற்பத்தெட்டு வயது முழங்கால் மடக்கென்றது. பின் சக்கரத்தடிக்கு ஓடிக் குனிந்து, கட்டையை வைத்து உள்ளங்கையால் இரண்டு அடி அடித்தார். "சரி!" என்று கத்தினார். அதன்பிறகுதான் ஜவாஹிர் லீவரைத் தள்ளினான். மாப்பிள்ளை கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் ஊன்றினார். ஏ-ஃபோட்டியில் முந்தி வந்து வாசலில் காத்து நின்ற கதிரவேல் படம் பிடித்தார். லெப்பை அஸர் தொழுதுவிட்டு வந்து அப்போதுதான் பாயில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு கிழமை கழித்துக் கதிரவேல் படத்தோடு வந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுத்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ நானா. மாப்பிள்ளை நல்லாத்தான் விழுந்திருக்கிறார். நீங்கள்தான் குறுக்கால வந்திட்டியள். உங்கட முகமும் விழேல்லை, முதுகுதான். வேணுமெண்டால் ஓரத்தை வெட்டிப்போட்டுக் கண்ணாடி போடலாம்."

சரீப் படத்தை நெடுநேரம் பார்த்தார். அவருடைய கார் அதில் இல்லை. பளபளவென்று ஜவாஹிரின் கார் நின்றது. முன் விளக்கில் வெளிச்சம் அழகாகப் பட்டிருந்தது. வயிறு எரியவில்லை என்று சொன்னால் அது பொய். கொஞ்சம் எரிந்தது. பிறகு அவர் எழுந்து போய், வெட்டாமல் கொள்ளாமல், அந்த ஆணியில் அதை மாட்டினார்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி மருமகனும் மகளோடு அந்த வீட்டிலேயே இருந்தார். வருகிறவர்கள் எல்லாரும் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்பார்கள், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் சாரத்தை மடித்துக் குனிந்து நிற்பது யார், கார்க் கிளீனரா என்று. முதல் தடவை ஒருவர் அப்படிக் கேட்டபோது சரீப் ஹோலில்தான் இருந்தார். வாயைத் திறக்கப் போனார். அதற்குள் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்த பரீதா முந்திக்கொண்டாள்.

"அது என்ட வாப்பா," என்றாள். "வாப்பா கட்டை வெச்சபிறகுதான் அவர் கால ஊண்டினவர்."